திறக்கும் நாளில் இடம் யாருக்கு?

ஒரு வாயிலை மூடுவதற்கு நம் நாட்டில் ஒரு நாழிகை போதும். அறிவித்தல் ஒன்று, காவலர் இருவர், இரும்புச் சங்கிலி ஒன்று, காரியம் முடிந்துவிடும். ஆனால், மூடிய வாயிலைத் திறப்பது எங்ஙனம், திறக்கும் நாளில் எத்தனை பேரை உள்ளே விடுவது, அவருள் முதலில் யாரை விடுவது, இடமில்லை என்று திருப்பி அனுப்பப்படுபவனுக்கு என்ன மறுமொழி கூறுவது என்னும் கேள்விகளுக்குப் பொதுமக்கள் வாசிக்கத்தக்கதாய் எழுதி வெளியிட்ட விடை எதையும் நாம் கண்டதில்லை.

அடைப்பதும் திறப்பதும் நமக்குப் புதியன அல்ல. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று குண்டுவெடிப்பிற் சிதைந்த கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலம், அவ்வாண்டு ஜூன் 12ஆம் திகதி, திருவிழாவுக்கு முதல் நாள் மீண்டும் திறந்து வைக்கப்பட்டது. 2020 மார்ச் 20ஆம் திகதி பிறப்பிக்கப்பட்ட ஊரடங்கு, தேநீர்க் கடை முதல் தேர்த் திருவிழா வரை யாவற்றையும் முடக்கிற்று. 2022இல் எரிபொருள் இன்மையே பாடசாலைகளையும் அலுவலகங்களையும் அடைத்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து வீதிகளையும் புகையிரதப் பாதைகளையும் அறுத்துச் சென்றது. ஏழு ஆண்டுகளுக்குள் நான்கு முறை. ஐந்தாம் முறை வராது என்று சொல்லத் துணிபவர் எவருமில்லை. ஆகவே, அடைபட்டிருக்கும் வேளையில் அவசரமாக வகுக்கும் முறையை, யாவும் திறந்திருக்கும் இக்காலத்திலேயே ஆற அமர வகுத்து வைத்தல் அறிவுடைமையாகும்.

இங்கு நாம் எடுத்துக்கொண்டது, கேட்பவர் சிலருக்கு அற்பமாகத் தோன்றக்கூடிய ஒரு விடயம். தெகிவளை மிருகக்காட்சிச்சாலை, தாமரைக் கோபுரம், கேளிக்கைப் பூங்காக்கள் ஆகிய இன்பப் பொழுதுபோக்கிடங்களே அது. நெல்லுக்கு விலையில்லை, காணிக்கு உறுதியில்லை, இதனிடையே குரங்கையும் யானையையும் பார்ப்பதற்கு ஓர் ஆசிரியத் தலையங்கமா என்று கேட்பாரும் உளர். அவர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்கவேண்டும். வெள்ளவத்தையிலே குடியிருக்கும் குடும்பத்துக்குத் தெகிவளை அடுத்த தரிப்பிடம். இந்த ஞாயிறு இடமில்லையேல் அடுத்த ஞாயிறு போகலாம். கிளிநொச்சியிலோ மூதூரிலோ வயல் செய்யும் தந்தையின் மகளுக்கு அது பாடசாலைக் காலம் முழுவதிலும் ஒரே ஒரு முறை கிட்டும் பயணம். அவள் பணத்தைச் சேர்ப்பதற்கு வீட்டிலே எத்தனை செலவு தள்ளிப் போடப்பட்டது என்பதை அவளுடைய தாய் அறிவாள். அந்தப் பிள்ளைகளை ஏற்றிய பேருந்து இரவெல்லாம் ஓடி விடியற்காலையில் வந்து நிற்கும்போது, "இன்றைய சீட்டுகள் யாவும் இணையத்தில் முடிந்துவிட்டன" என்று வாயிலிலே ஒரு தாள் ஒட்டியிருக்குமானால், அது அற்பமான விடயமா?

1936ஆம் ஆண்டிலிருந்து தெகிவளைச் சாலை அரசாங்கத்தின் பொறுப்பில் இருந்து வருகிறது. பொதுமக்களின் பணத்தால் நடப்பது. பொதுமக்கள் என்ற சொல்லுக்குள், கையிலே தொலைபேசியும் வங்கி அட்டையும் உள்ளவர் மட்டுமே அடங்குவர் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆயினும், இடத்தை அளந்து கொடுக்கவேண்டிய நிலை வரும்போதெல்லாம் "இணையத்திற் பதிவு செய்க" என்பதே நிர்வாகத்தின் முதற் சொல்லும் கடைசிச் சொல்லுமாக அமைந்துவிடுகிறது. காரியம் இலகு, வரிசை கண்ணுக்குத் தெரியாது, சத்தமும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத வரிசையிலே பின்தள்ளப்பட்டவனின் சத்தம் எப்படிக் கேட்கும்?

உலகம் இதனை எவ்வாறு கையாண்டது என்று பார்ப்போம். கேளிக்கைப் பூங்காக்களுக்கெல்லாம் தலைமையாக விளங்கும் டிஸ்னி நிறுவனத்தின் ஷாங்காய்ப் பூங்கா, தொற்றுநோயால் 2020 ஜனவரியில் அடைபட்டு, மே 11ஆம் திகதி திறந்தது. நாளொன்றுக்கு 80,000 பேர் கொள்ளும் இடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே, அதாவது 24,000 பேருக்கு மேற்படாமல் விடவேண்டும் என்பது சீன அரசாங்கம் விதித்த வரம்பு. புளோரிடாவில் உள்ள பூங்காக்கள் 2020 ஜூலை 11 முதல் ஒவ்வொன்றாகத் திறந்தபோது, சீட்டு வாங்கினால் மட்டும் போதாது, எந்த நாள் எந்தப் பூங்கா என்பதையும் முன்கூட்டியே பதிந்திருக்கவேண்டும் என்றாயிற்று. கலிபோர்னியாவில் 2021 ஏப்ரல் 30 வரை காத்திருந்தார்கள். திறந்தபோதும் நாலில் ஒரு பங்கு, அதுவும் அம்மாநிலத்தாருக்கு மட்டும்.

இவை யாவும் நோயை அஞ்சிச் செய்யப்பட்டவை, குறை சொல்வதற்கில்லை. ஆனால், நோய் நீங்கிய பின்னரும் முன்பதிவு நீங்கவில்லை. எத்தனை பேர் வருவர் என்பதை முன்னரே அறிந்தால் எத்தனை ஊழியர் வேண்டும், எத்தனை சமையற்கூடம் திறக்கவேண்டும் என்பதையும் அறியலாமல்லவா? முதலாளிக்கு அது பெரும் வசதி. புளோரிடாவில் நாள் குறித்த சீட்டு வாங்கியோருக்கு அந்தக் கட்டாயம் தளர்ந்தது 2024 ஜனவரியிலேதான். இடையில் கலிபோர்னியாவில் ஒரு வழக்கும் எழுந்தது. தடை நாட்கள் எவையும் இல்லை என்று சொல்லி 1,399 டொலருக்கு விற்கப்பட்ட ஆண்டுச் சீட்டை வாங்கியோர், தாம் விரும்பிய நாளிற் பதிவு கிடைக்கவில்லை என்றும், அதே நாளுக்கு ஒருநாட் சீட்டு விற்பனையில் இருந்தது என்றும் முறையிட்டனர். நிறுவனம் 95 இலட்சம் டொலர் கொடுத்து இணக்கத்துக்கு வந்தது. நமக்கு இதிலே பாடம் ஒன்று உண்டு. மொத்த இடம் எத்தனை, யார் யாருக்கு எத்தனை ஒதுக்கப்பட்டது என்ற கணக்கு விற்பவன் கையிலே மறைந்திருக்கும்வரை, வாங்குபவன் ஏமாற்றப்பட்டானா இல்லையா என்பதை அவனே அறியமாட்டான்.

ஆகவே முதலில் வேண்டுவது எண். எண்ணைச் சொல்லுங்கள் என்கிறோம். "மட்டுப்படுத்தப்பட்ட அளவில் அனுமதிக்கப்படுவர்" என்பது எண்ணன்று. அந்த எண்ணை எவ்வாறு கண்டடைவது என்பதும் மந்திரமன்று. நிலத்தின் பரப்பைக் கொண்டு கணிப்பது பிழை. மக்கள் நெருங்குவது திறந்த புற்றரையிலன்று, குறுகிய இடத்திலேயாம். தெகிவளையில் மீன்காட்சிக் கூடமும் ஊர்வன வாழும் கூடமும் எத்தனை பேரைத் தாங்குமோ, மலசலகூடமும் குடிநீர்க் குழாயும் எத்தனை பேருக்குப் போதுமோ, அதுவே முழு இடத்தின் கொள்ளளவு.

ஒரே நேரத்தில் 1,500 பேர் நெருக்கமின்றி நடமாடலாம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். வருபவர் மூன்று மணி நேரம் தங்குவர் எனின், மணிக்கு 500 பேரை விடலாம். காலை முதல் ஏழு மணி நேரம் இப்படி விட்டால் நாளொன்றுக்கு 3,500 பேர். இக்கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, நேரம் குறியாமல் 3,500 சீட்டையும் விற்றுவிட்டால் என்ன நிகழும்? அனைவரும் காலை ஒன்பது மணிக்கே வந்து நிற்பர். ஏட்டிலே நாட்கணக்குச் சரியாக இருக்கும். உள்ளேயோ கொள்ளக்கூடியதற்கு இரு மடங்குக்கும் மேல் நின்று நசிவர். சீட்டிலே நாள் மட்டுமன்றி மணியும் பொறிக்கப்படவேண்டும் என்பதன் காரணம் இதுவே. அதேவேளை மணி தப்பிவிட்டது என்று வன்னியிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வருவோரைத் துரத்துவதும் கூடாது. தெகிவளையிலிருப்பவன் பிந்தினால் அது அவன் சோம்பல். பத்து மணி நேரப் பயணம் செய்தவன் பிந்தினால் அது வீதியின் குற்றம். வெளிமாவட்டத்தாரின் சீட்டு அந்நாள் முழுவதும் செல்லும் என்று ஒரு வரி எழுதுவதால் நிர்வாகம் கவிழ்ந்துவிடாது.

அடுத்தது பங்கீடு. 2020 ஜூன் மாதத்தில் திருப்பதித் திருமலை மீண்டும் திறந்தபோது மணிக்கு 500 பேர் என்ற அளவிலே அடியார்களை விட்டார்கள். இணையத்திலே கட்டணம் செலுத்திப் பதிவு செய்தோருக்கு ஒரு பகுதியும், நேரில் வந்து இலவச அடையாளச் சீட்டுப் பெற்றோருக்கு ஒரு பகுதியும் கிடைத்தன. ஏழையும் உழவனும் வருகின்ற இடத்தில் நேரிற் கொடுக்கும் பங்கு இல்லாமல் முடியாது என்பதை அத்தேவஸ்தானம் உணர்ந்திருந்தது. ஆயினும், அதே திருப்பதியில் 2025 ஜனவரி 8ஆம் திகதி இரவு, வைகுண்ட வாயிற் தரிசனச் சீட்டு வழங்கும் இடத்திலே கூட்டம் முண்டியடித்து ஆறு பேர் உயிரிழந்தனர். நேரிற் கொடுப்பதிலும் ஆபத்து உண்டு என்பதை மறைக்க நாம் விரும்பவில்லை. ஒரே ஊரில், ஒரே இரவில், எண்ணிவிடக்கூடிய சில இடங்களில் அத்தனை சீட்டையும் கொடுக்க முற்பட்டால் மனிதர் மிதிபடத்தான் செய்வர். பரிகாரம் நேரிற் கொடுப்பதை நிறுத்துவதன்று. கொடுக்கும் இடங்களைப் பரப்புவதே.

பரப்புவதற்கு இடமா இல்லை? ஒவ்வொரு பிரதேசத்திலும் பிரதேச செயலகம் இருக்கிறது. கமநல சேவை நிலையம் இருக்கிறது. உரத்துக்கும் விதைக்கும் உழவன் மிதிக்காத நாளில்லாத படி அது. பாடசாலைகளுக்கு வலயக் கல்வி அலுவலகம் இருக்கிறது. நாம் மேலே சொன்ன மணிக்கு 500 இடங்களில் 250ஐ இணையத்துக்கு விடுக. 150ஐப் பாடசாலைகளுக்கும் வெளிமாவட்டத்தாருக்கும் இவ்வலுவலகங்கள் வாயிலாக ஒதுக்குக. 100ஐ வாயிலிலே வைத்துக்கொள்க. ஒதுக்கியதில் எடுக்கப்படாதவை முதல்நாள் மாலை ஐந்து மணிக்கு வாயிற் பங்கோடு சேரட்டும். இந்த விகிதமே வேதவாக்கென்று நாம் சொல்லவில்லை. இரு மாதம் நடத்திப் பார்த்துக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால், வாயிலுக்கு வருபவனுக்கு ஒன்றுமே இல்லை என்ற விகிதம் மட்டும் ஏற்கத்தக்கதன்று.

நம் அரசாங்கத்தால் இதைச் செய்ய முடியுமா என்று ஐயுறுவோர் அண்மைக் காலத்தை நினைவு கூர்க. 2020 மே மாதத்தில் அடையாள அட்டையின் கடைசி இலக்கத்தைக் கொண்டு, திங்கட்கிழமை 1, 2. செவ்வாய்க்கிழமை 3, 4 என்று வீட்டைவிட்டு வெளியேறும் நாளையே பங்கிட்டுக் கொடுத்தார்கள். கைத்தொலைபேசியும் வேண்டியதில்லை, இணையமும் வேண்டியதில்லை. கல்லாதவருக்கும் விளங்கிய முறை அது. 2022 ஜூலையில் வாகன இலக்கத் தகட்டின் கடைசி எண்ணைக் கொண்டும், ஆகஸ்ட் முதல் கியூ ஆர் குறியீட்டைக் கொண்டும் எரிபொருளைப் பங்கிட்டார்கள். அதற்கு முந்திய மாதங்களில் வரிசையிலே நின்று முதியவர்கள் விழுந்து இறந்த அவலத்தைக் கண்டவர்கள் நாம். முறை வந்த பின்னர் வரிசை சுருங்கியதையும் கண்டோம். மனமிருந்தால் இந்நாட்டு அலுவலர்களுக்கு இயலாதது ஒன்றுமில்லை.

மனமில்லாதபோது என்ன நிகழும் என்பதற்கும் சான்று வெகு தூரத்தில் இல்லை. எல்ல செல்லும் மலையகப் புகையிரதத்தின் இணைய ஆசனச் சீட்டுகள் திறந்த ஒரு நிமிடத்துக்குள் தீர்ந்துபோவதும், பின்னர் பன்மடங்கு விலையில் வெளிநாட்டார் கையிற் போய்ச் சேர்வதும் 2025இன் தொடக்கத்தில் நாடறிந்த செய்தியாயிற்று. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் தலையிட்டுச் சிலரைக் கைது செய்யவும் நேர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத வரிசையிலே முதலில் நிற்பவர் யார் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமா? ஆகவே, சீட்டு வாங்குபவரின் பெயரும் அடையாள இலக்கமும் அதிலே பொறிக்கப்படவேண்டும்; ஒருவர் இத்தனைக்கு மேல் வாங்கலாகாது என்ற வரம்பு வேண்டும்; போக இயலாதவர் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறலாம், பிறருக்கு விற்கலாகாது என்ற விதியும் வேண்டும்.

பெயரும் இலக்கமும் என்று எழுதும்போதே நம் எழுதுகோல் சற்றுத் தயங்குகிறது. பதிவு என்ற சொல் வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் வெறும் நிர்வாகச் சொல்லன்று. யார் வந்தார், எங்கிருந்து வந்தார், எத்தனை நாள் தங்குவார் என்று காவல் நிலையத்திலே படிவம் நிரப்பிக் கொடுத்த காலத்தை இவ்விரு பகுதிகளிலும் வாழ்ந்தோர் மறக்கவில்லை. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியுமுன், இங்குள்ள விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 300க்கும் மேற்பட்டோர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் தடை விதித்த பின்னரே அச்செயல் நின்றது. மருத்துவத்துக்கும் வெளிநாட்டுப் பயண அலுவலுக்கும் வந்தவர்கள் அவருட் பலர். அந்த நினைவுள்ள ஒரு சமூகத்திடம், யானையைப் பார்க்கவும் அடையாள இலக்கம் தா என்று கேட்பவர், அவ்விலக்கத்தை என்ன செய்வார் என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கமாக நிறைவேறியிருக்கிறது. வந்து சென்ற நாளிலிருந்து குறித்த சில தினங்களுக்குள் விவரங்கள் அழிக்கப்படும், வேறெந்தத் திணைக்களத்துக்கும் கொடுக்கப்படா என்று சீட்டின் முதுகிலேயே அச்சிட்டுத் தருக. நோயோ குண்டோ காரணமாக அவசியம் நேர்ந்தால், அந்த அவசியமும் அதன் காலவரம்பும் பகிரங்கமாகச் சொல்லப்படட்டும்.

மொழியைப் பற்றி நாம் நீட்டி எழுதப்போவதில்லை. தமிழும் அரசகரும மொழி என்பது அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயத்தில் உள்ளது; அதை ஒவ்வொரு திணைக்களத்துக்கும் புதிதாக ஓதிக்கொண்டிருக்க முடியாது. பதிவுப் பக்கம் தமிழில் இருத்தல் வேண்டும், முகப்பு மட்டும் தமிழாகவும் பணம் செலுத்தும் இடம் ஆங்கிலமாகவும் இராமல் முழுவதும் தமிழில் இருத்தல் வேண்டும், தொலைபேசியை எடுப்பவருள் தமிழ் அறிந்த ஒருவராவது இருத்தல் வேண்டும். அவ்வளவே.

இனி நம்மவர்க்கும் ஒரு சொல். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் வைத்தியர்களே, கணக்காளர்களே, சட்டத்தரணிகளே! இணையப் பங்கு 250இல் பெரும்பகுதி உங்களுக்கே வந்து சேரும் என்பதை நாம் அறிவோம். போகலாமோ என்னவோ என்று நான்கு நாட்களுக்கு நான்கு பதிவு செய்துவிட்டு மூன்றைக் கைவிடும் வழக்கம் நம்மிடம் இல்லையென்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியுமா? கட்டணம் சிறிதென்பதால் திருப்பிக் கொடுக்கும் சிரமத்தையும் எடுப்பதில்லை. நீங்கள் வராமல் வெறிதே விடும் ஒவ்வோர் இடமும், எங்கோ ஓர் ஊரில் இடமில்லை என்று சொல்லப்பட்ட பிள்ளையின் இடமாகும். இரவிலே இங்கிருந்து யாழ்ப்பாணம் புறப்படும் பேருந்துகளைப் பாருங்கள். தொலைபேசியில் ஆசனம் சொல்லிவைத்தவர் நேரத்துக்கு வராவிட்டால், நடத்துநர் அழைத்துக் கேட்கிறார். வரவில்லையென்றால் அந்த ஆசனம் வீதியிலே நிற்பவருக்குப் போய்விடுகிறது. எந்த நிபுணரும் வகுத்துக் கொடுத்த திட்டமன்று அது. அரசாங்கப் பூங்காவும் அவ்வாறே முதல்நாள் மாலை ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, வருகிறேன் என்று மறுமொழி தராதவரின் இடத்தை வாயிலுக்கு விடலாம். மும்முறை வராதவருக்கு அடுத்த சில மாதங்கள் இணையப் பதிவு இல்லை என்றும் வைக்கலாம். நமக்கு அது கசந்தாலும் கசக்கட்டும்.

கொழும்பிலே கிளை வைத்திருக்கும் பழைய மாணவர் சங்கங்கள் எத்தனையோ உள. ஆண்டுக்கொரு விருந்தும் ஒரு மலரும் வெளியிடுவதோடு நில்லாது, தம் ஊர்ப் பாடசாலை கொழும்புக்கு வரும்போது பதிவு செய்து கொடுப்பதையும், வாயிலிலே காலையில் ஓர் உறுப்பினர் நின்று பார்ப்பதையும் அவை ஏற்கலாம். அரசாங்கம் ஒதுக்கீட்டு முறையை ஏற்கும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. இது இன்றைக்கே இயலும்.

தாமரைக் கோபுரம் 2022 செப்டெம்பர் 15ஆம் திகதி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோது உள்நாட்டாருக்கு 500 ரூபா, 2,000 ரூபா என்று கட்டணம் குறித்தார்கள். வந்தவர் வரிசையிலே நீண்ட நேரம் காத்து நின்றனர். கட்டணத்தை எல்லோருக்கும் தெரியச் சொன்னது போல, கொள்ளளவையும் எல்லோருக்கும் தெரியச் சொல்லலாம். தேசிய மிருகக்காட்சிச்சாலைகள் திணைக்களம் இதற்கு முன்னோடியாகட்டும் என்பது நம் வேண்டுகோள். அதன் கீழ் தெகிவளை மட்டுமன்றிப் பின்னவலையும் ரிதியகமவும் உள்ளன. ஓரிடத்தில் நடத்திப் பார்த்ததை மற்றையவற்றுக்கும் கொண்டுபோகலாம். அடுத்த பாடசாலை விடுமுறை தொடங்குமுன், தெகிவளை வாயிலிலே மும்மொழியிலும் ஒரு பலகை நடப்படட்டும்: இன்று கொள்ளும் தொகை இத்தனை, இணையத்தில் விற்றது இத்தனை, பாடசாலைகளுக்கு ஒதுக்கியது இத்தனை, வாயிலில் இன்னும் எஞ்சியிருப்பது இத்தனை. மணிக்கொரு முறை எண்ணை மாற்றி எழுத ஓர் ஊழியரும் ஒரு சோக்குக் கட்டியும் போதும்.